சர்க்கரை விட்ட இடத்தில் புரதம்

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காட்டுப்பாக்கத்தைத் தாண்டியதும் மாங்காடு வழியாகக் குன்றத்தூருக்குப் போகும் சாலை பிரிகிற இடத்தில் அமைந்துள்ள குமணன்சாவடி, இன்று கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மெட்ரோ ரயிலின் நான்காம் வழித்தடத்தில் தன் பெயரிலேயே ஒரு நிலையம் பெற்ற புறநகராக வளர்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தின் மருத்துவ, பல் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் தெருக்களும், அம்பத்தூர்ப் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் ஷிப்ட் வேலைக்குச் செல்வோரின் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் இப்பகுதியில், புரதம் அதிகம், கலோரி குறைவு என்ற இரட்டை வேண்டுதல் உடற்பயிற்சிக் கூடங்களைக் கடந்து வீட்டுச் சமையலறைக்கும் வந்துவிட்டது. அந்த வேண்டுதலை ஐஸ்கிரீமிடம் வைப்பது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும் தெருமுனை ஆவின் பாலகத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, விலை உயர்ந்த டப்பாக்களையும் வெளிநாட்டு இயந்திரங்களையும் நாடாமல், அதை வீட்டிலேயே பெருமளவு நிறைவேற்ற முடியும். ஐஸ்கிரீமில் சர்க்கரையும் கொழுப்பும் இனிப்பையும் ருசியையும் தருவதோடு நிற்காமல் வேறு என்ன வேலை செய்கின்றன என்பதைச் செய்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்கான நிபந்தனை.

கலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அளவு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், ஒரு கிராம் சர்க்கரையோ மாவுச்சத்தோ 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் அதே 4 கலோரியும் தருகின்றன என்பது ஊட்டச்சத்துக் கணக்கின் அடிப்படை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், வழக்கமான வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் ஏறக்குறைய 11 கிராம் கொழுப்பும், 23.5 கிராம் சர்க்கரை முதலிய மாவுப்பொருள்களும், மூன்றரை கிராம் புரதமும் இருப்பதால், அது தரும் சுமார் 207 கலோரியில் கொழுப்பிலிருந்து வருவது 99, மாவுப்பொருளிலிருந்து வருவது 94, புரதத்திலிருந்து வருவது வெறும் 14. பால் என்ற சத்துணவிலிருந்து தொடங்கும் பண்டம், கிண்ணத்துக்கு வரும்போது புரதத்தின் பங்கு நூற்றுக்கு ஏழாகச் சுருங்கிவிடுகிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளும் ஐஸ்கிரீமைக் கொழுப்பை வைத்தே வகைப்படுத்துகின்றன. ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்கப்படுவதில் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. புரதம் குறைந்தது 3.5 விழுக்காடும், தண்ணீர் நீங்கலாக எஞ்சும் மொத்தத் திடப்பொருள் குறைந்தது 36 விழுக்காடும் இருக்க வேண்டும். குறைகொழுப்பு ஐஸ்கிரீம் என்று அச்சிட வேண்டுமானால் கொழுப்பு 2.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஆனால் திடப்பொருள் 26 விழுக்காடாவது இருந்தாக வேண்டும். திடப்பொருளைப் பற்றிய இந்தக் கடைசி நிபந்தனை சட்டத்தின் சம்பிரதாயம்போலத் தோன்றினாலும், வீட்டில் செய்பவருக்கு ஏற்படும் எல்லாத் தொல்லைகளுக்கும் காரணமான ஒன்றை, அதாவது தண்ணீரை, அது சுட்டிக்காட்டுகிறது.

இத்தனை அக்கறை ஓர் இனிப்புப் பண்டத்துக்குத் தேவைதானா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி எனத் தெரியவந்தது. அதே ஆய்வுத் தொடரின் 2025-ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தும் 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாகக் காட்டியது. சோறும் இட்லியும் தோசையும் மூன்று வேளையும் தட்டை நிறைக்கும் வீட்டில், மாலை நேரத்து இனிப்பும் சர்க்கரையாகவே வந்து சேர்வதைவிட, அதில் ஒரு பகுதியாவது புரதமாக மாறுவது நல்லதே. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்ற பரிந்துரைப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டியது 50 கிராம். அதை ஐஸ்கிரீமால் நிரப்ப யாரும் முயல வேண்டியதில்லை, ஆனால் எப்படியும் சாப்பிடப்போகிற பண்டம் அந்தக் கணக்கில் ஐந்தாறு கிராமைச் சேர்த்தால் அதை வேண்டாமென்று சொல்லவும் காரணமில்லை.

தண்ணீர் எங்கே போகிறது?

பாலும் சர்க்கரையும் கலந்த கலவை குளிரும்போது அதிலுள்ள தண்ணீர் பனிப்படிகங்களாகிறது. தண்ணீர் படிகமாகப் பிரியப் பிரிய மீதமுள்ள நீரில் சர்க்கரையின் செறிவு கூடிக்கொண்டே போவதால் அந்த மிச்ச நீர் மேலும் மேலும் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். கரைந்த பொருள் நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் இந்தப் பண்பினால்தான், உறைபெட்டியின் கடுங்குளிரிலும் ஐஸ்கிரீமின் தண்ணீரில் ஒரு பகுதி உறையாத பாகாகவே நிற்கிறது. கரண்டி உள்ளே இறங்குவது அந்தப் பாகினால். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் பாகும் குறைந்து, பண்டம் பாறையாக இறுகிவிடுகிறது. எடை குறைக்க விரும்புவோர் பாலையும் வாழைப்பழத்தையும் புரதப் பொடியையும் அடித்து உறைபெட்டியில் வைத்து, மறுநாள் கத்தியால் குத்திப் பார்த்துக் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

கொழுப்பின் வேலை வேறு வகையானது. கலவையைக் குளிரில் கடையும்போது கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு ஒரு வலையாகி, உள்ளே புகும் காற்றுக் குமிழிகளைத் தாங்கி நிற்கின்றன. வாயில் வைத்தவுடன் குளிர் தாக்காமல் மெல்ல உருகுவதும், வாசனை நாவில் தங்குவதும் அதனால்தான். காற்று ஐஸ்கிரீமின் மறைவான மூலப்பொருள். ஒரு லிட்டர் கலவை, கடைந்து முடிக்கும்போது இரண்டு லிட்டர் வரை பெருகுவது ஆலைகளில் சாதாரணம். ஒரு லிட்டர் ஐஸ்கிரீமின் எடை 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி வகுக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. கடைச் சரக்கு மில்லிலிட்டரில் விற்கப்படுவதால், காற்றை அதிகம் சேர்த்தாலே கிண்ணத்துக்கான கலோரி குறைந்துவிடும். ஆகவே இரண்டு பண்டங்களை ஒப்பிடுபவர் கிண்ணத்தையோ கரண்டியையோ பார்க்காமல், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பின்புற அட்டவணையில் படிப்பதே சரி.

புரதம் கூடிய, கலோரி குறைந்த ஐஸ்கிரீமுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தை உண்டு என்பதை முதலில் நிரூபித்தது ஹேலோ டாப் என்ற நிறுவனம். லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அது, ஒரு டப்பா முழுவதற்குமான கலோரியை முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டு 2017-ல் அந்நாட்டுக் கடைகளின் முன்னணி ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஒன்றானது. இந்தியாவில் அமுல் தன் புரத வரிசையில் மோர், லஸ்ஸி, பனீர் ஆகியவற்றோடு குல்ஃபியையும் சேர்த்திருக்கிறது. பனீரும் சீஸும் செய்யும்போது வடியும் பால்தெளிவு, அதாவது திரிந்த பாலிலிருந்து பிரியும் பச்சை கலந்த மஞ்சள் நீர், ஒரு காலத்தில் கழிவாகவே கருதப்பட்டது. அதிலிருந்து பிரித்துலர்த்திய 'வே' புரதம்தான் இன்று இந்தப் பண்டங்களுக்கு ஆதாரம்.

பாக்கெட்டின் ஓரத்தில் உள்ள எண்கள்

குமணன்சாவடிக்கு இந்த விஷயத்தில் ஓர் இயற்கையான வசதி இருக்கிறது. சென்னை மாநகருக்குப் பால் வழங்கும் ஆவினின் பண்ணைகளில் ஒன்றும், ஐஸ்கிரீம் உள்ளிட்ட பால்பொருள்களுக்கான ஆலையும் வடகிழக்கே அம்பத்தூரில் உள்ளன. இத்துறைக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கும் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அலமாதியை அடுத்த கொடுவள்ளியில் இயங்குகிறது. பாலறிவு இவ்வளவு அருகில் இருந்தும், விடியற்காலையில் வாசலுக்கு வரும் பாக்கெட்டின் ஓரத்தில் அச்சிட்ட இரண்டு எண்களைப் படிப்பவர்கள் சிலரே என்பது வருந்தத்தக்கது.

முதல் எண் கொழுப்பு; இரண்டாவது கொழுப்பற்ற திடப்பொருள், அதாவது புரதமும் பால்சர்க்கரையான லாக்டோஸும் தாது உப்புகளும் சேர்ந்த அளவு. நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 விழுக்காடு, கொழுப்பற்ற திடப்பொருள் 9. சமன்படுத்திய பாலில் 3-ம் 8.5-ம், இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5-ம் 9-ம். கொழுப்பு நான்கில் ஒன்றாகக் குறையும்போதும் புரதம் இருக்கும் பகுதி குறையவே இல்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆகவே கலோரியைக் குறைக்க விரும்புபவர் இருமுறை சமன்படுத்திய பாலைத் தேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீர் கலந்த பால் என்று அதைத் தாழ்வாகப் பேசும் வழக்கத்துக்கு அடிப்படை கிடையாது.

பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். பால் தயிராகும்போதும் பனீராகும்போதும் திரள்வது இதுவே. மிச்சமுள்ள ஒரு பங்கு, திரளாமல் நீரோடு போகும் வே. பாலில் புரதம் நூற்றுக்கு மூன்றேகால் கிராம் அளவில்தான் இருப்பதால், ஐஸ்கிரீமில் அதைக் கூட்ட வேண்டுமானால் பாலிலிருந்து தண்ணீரை விலக்கியாக வேண்டும். இதற்கு வீட்டிலேயே இரண்டு வழிகள் உண்டு. துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித்தயிர் ஒன்று. இதில் புரதம் இரு மடங்குக்குமேல் செறிவதோடு, வடியும் நீரோடு பால்சர்க்கரையின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. கொழுப்பு நீக்கிய பால் பவுடர் மற்றொன்று. இதில் நூற்றுக்கு 35 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தாலும், பாதிக்கு மேல் லாக்டோஸ் இருப்பதால் கை தாராளமாகிவிடக் கூடாது. லாக்டோஸ் குளிரில் எளிதில் கரையாத சர்க்கரை; அளவு மிஞ்சினால் சில நாள்களில் நுண்மணலாகப் பிரிந்து நாவில் நறநறக்கும்.

ஒரு கலவை, அதன் கணக்கு

வடித்த தயிருக்காக, முதல் நாள் இரவே அரை லிட்டர் இருமுறை சமன்படுத்திய பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, உறைமோர் விட்டு வைக்க வேண்டும். காலையில் தோய்ந்த தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே நான்கைந்து மணி நேரம் விட்டால் சுமார் 200 கிராம் கெட்டித்தயிர் கிடைக்கும். சென்னை வெயிலில் சமையலறை ஆணியில் தொங்கவிட்டால் புளிப்பு ஏறி, இனிப்பை அதிகம் கேட்கும்.

அது வடியும் நேரத்தில் 400 மில்லி பாலில் 40 கிராம் பால் பவுடரையும் 45 கிராம் சர்க்கரையையும் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி சோள மாவைத் தனியே குளிர்ந்த பாலில் குழைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக் கொதிக்கவிட வேண்டும். கொதித்து, கரண்டியின் பின்புறத்தில் மெல்லியதாகப் படியும் பதம் வந்ததும் இறக்கி, ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து விரைவாக ஆற்றி, பின் குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும். ஆலைகளிலும் இந்த ஓய்வு கட்டாயம். புரதமும் மாவும் நீரை உறிஞ்சிக்கொண்டு கலவை தடிப்பது அப்போதுதான். நன்றாகக் குளிர்ந்த பிறகே கெட்டித்தயிரையும் ஒரு சிட்டிகை உப்பையும் ஏலக்காயையோ வெனிலாவையோ சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று அடிக்கலாம். சூடாக இருக்கும்போது தயிர் விழுந்தால் பால் திரிந்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் ஏறக்குறைய 700 கிராம் கலவையில் புரதம் சுமார் 41 கிராம், கொழுப்பு 13 கிராம், மொத்தக் கலோரி 690. அதாவது 100 கிராமுக்கு 6 கிராம் புரதமும் 100 கலோரியும். வழக்கமான ஐஸ்கிரீமில் நூற்றுக்கு ஏழாக இருந்த புரதத்தின் கலோரிப் பங்கு இதில் ஏறக்குறைய கால்வாசியாக உயர்கிறது. பொடி டப்பா எதையும் திறக்காமலே இவ்வளவு கிடைக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கலவை உறையாமல் இருக்கும்போது சற்றே தூக்கலாக இனிக்க வேண்டும்; குளிர் நாவின் இனிப்புணர்வை மந்தமாக்குவதால், இந்த நிலையில் சரியாக இனிப்பது உறைந்த பின் சப்பென்று இருக்கும்.

வே புரதப் பொடி சேர்க்க விரும்புவோர், குளிர்ந்த கலவையில் ஓர் அளவுக்கரண்டி, அதாவது சுமார் 30 கிராம், சேர்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 9 கிராமாகவும் கலோரி 110 அளவுக்கும் ஏறும். இதை அடுப்பில் ஏற்றக் கூடாது. 70 டிகிரிக்கு மேல் வே புரதம் தன் வடிவம் குலைந்து திரிதிரியாகிவிடும். அளவை இரட்டிப்பாக்கினாலோ சுண்ணாம்பு கலந்ததுபோல நாவில் மாவொட்டும். கடையில் கிடைக்கும் பொடிகள் பலவற்றில் முன்பே செயற்கை இனிப்பு இருப்பதால் சர்க்கரையை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியதும், அவற்றில் சேரும் சர்க்கரையையும் இனிப்பூட்டிகளையும் நீண்ட நாள் மிகை நுகர்வால் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் வரக்கூடிய கேட்டையும் காரணமாகச் சொன்னதும் குறிப்பிடத்தக்கவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. மற்றவர்களுக்கும் பொடி ஒரு கூடுதல் வசதி என்பதற்கு மேல் எதுவுமில்லை.

இனிப்பின் கடினமான பகுதி

மேற்சொன்ன கலவையில் தண்ணீர் இன்னும் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. கொழுப்பில் அது சட்டப்படி குறைகொழுப்பு ஐஸ்கிரீமின் எல்லைக்குள் வந்தாலும், திடப்பொருளில் 26 விழுக்காட்டைத் தொடுவதில்லை. சர்க்கரையை முழுவதும் நீக்கி, இனிப்புக்கு ஸ்டீவியா எனப்படும் சீனித்துளசிச் சாற்றையோ சுக்ரலோஸையோ சில துளி விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பதால் மிகச் சிறிய அளவே போதும், ஆனால் அந்தச் சிறிய அளவு உறைநிலையைத் தாழ்த்தப் போதாது. எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் இதற்கு நேர்மாறு: இனிப்பில் சர்க்கரையின் 70 விழுக்காடு, கலோரி ஏறக்குறைய இல்லை, மூலக்கூறு சிறியது என்பதால் ஒரு கிராமுக்கு உறைநிலையைச் சர்க்கரையைவிட இரண்டே முக்கால் மடங்கு தாழ்த்தும். ஆனால் அதுவும் குளிரில் படிகமாகப் பிரியும் இயல்புடையது. மேலும் 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமிருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் நேர்ந்ததைச் சுட்டியது, எது காரணம் எது விளைவு என்று அது நிறுவவில்லை என்றாலும். அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், சர்க்கரையை ஒழிப்பதைவிட மூன்றில் ஒன்றாகக் குறைத்து, அந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்வதே வீட்டுக்கு உகந்த வழி. 100 கிராம் பங்கில் அது ஆறேழு கிராம் சர்க்கரைதான்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றைச் சேர்த்தால் கலோரி குறையும் என்ற நம்பிக்கை இந்த வட்டாரத்தில் மட்டுமின்றித் தமிழ்நாடு முழுவதும் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியின் மணம் பாலோடு சேரும்போது அதற்கு இணை கிடையாது. ஆனால் கலோரிக் கணக்கில் அது வெள்ளைச் சர்க்கரைக்கு மிக நெருங்கியது, அதையும் அளந்தே போட வேண்டும். பழங்களில் நன்கு கனிந்த சப்போட்டாவும் வாழையும் தங்கள் கூழால் வழவழப்பைத் தருகின்றன. தர்ப்பூசணியும் இளநீரும் தண்ணீரையே கூட்டுவதால் பனிக்கட்டியாகிவிடும்.

தண்ணீரைக் கட்டிப்போட ஆலைகள் பயன்படுத்தும் நிலைநிறுத்திகளில் முதன்மையான ஒன்று குவார் பசை. அது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படுவது என்று தெரிந்தால், பெயரைப் பார்த்து மிரள்பவர்களின் அச்சம் தணியும். அதன் நீண்ட இழைகள் நீரைத் தடிக்கச் செய்து, சிறு படிகங்கள் உருகி மீண்டும் பெரிய படிகங்களாக உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. 700 கிராம் கலவைக்குக் கால் தேக்கரண்டியே போதும். கூடினால் கோந்துபோல இழுக்கும். அது கிடைக்காதபோது சோள மாவு அந்த வேலையை ஓரளவு செய்யும். ஊறவைத்த பாதாம் பிசினையும், மண்டபம் கடற்கரையின் பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் அகரையும் ஜிகர்தண்டா வழியாக அறிந்த தமிழ்நாட்டுக்கு, நீரைப் பிடித்துவைக்கும் பசைகள் புதியவை அல்ல.

குளிர் என்ற மூலப்பொருள்

சென்னைக்குக் குளிர் நெடுங்காலம் இறக்குமதிச் சரக்காக இருந்தது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. பனிக்கட்டியை உள்ளூரிலேயே செய்யும் இயந்திரங்கள் வந்தபின் அந்த வணிகம் மறைந்தது. 1970-ல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் தயாரிப்பில் தொடங்கிய தொழில், அருண் ஐஸ்கிரீம்ஸ் என்ற பெயரில் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை குளிரைக் கொண்டுசேர்த்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் உறைபெட்டி இருந்தாலும், ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல்தட்டு, ஐஸ்கிரீமுக்கு வேண்டிய மைனஸ் 18 டிகிரியை எட்டுவது அரிது. அங்கே கலவை மெல்ல உறைகிறது, மெல்ல உறையும் நீர் பெரிய படிகமாகிறது. படிகம் சுமார் 50 மைக்ரானைத் தாண்டினால், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைக் கடந்தால், நாக்கு அதை மணலாக உணரும்.

உறைந்ததைப் பிறகு உடைப்பது இதற்கு ஒரு தீர்வு. சுவிட்சர்லாந்தின் பாகோஜெட் இயந்திரம் பெரிய உணவகங்களுக்காகவும், 2021-ல் அறிமுகமான நிஞ்சா கிரீமி வீடுகளுக்காகவும் இந்தக் கொள்கையில்தான் இயங்குகின்றன: கலவையை ஒரு நாள் முழுவதும் பாறையாக உறையவிட்டு, சுழலும் கத்தியால் நுண்ணிய சீவலாகச் சுரண்டுவது. தேங்காயையும் மிளகாயையும் அரைத்துப் பழகிய இந்திய மிக்ஸி இதற்கு மோசமான மாற்று அல்ல. கலவையை ஐஸ் தட்டுகளில் சிறு கட்டிகளாக உறையவைத்து, எடுத்து ஐந்து நிமிடம் வெளியில் வைத்து, ஓரங்கள் பளபளக்கத் தொடங்கியதும், முன்பே உறைபெட்டியில் குளிரவைத்த சட்னி ஜாரில் பாதியளவுக்கு மட்டும் நிரப்பி, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். முதலில் ரவைபோல உதிரும். பக்கங்களை வழித்துவிட்டு ஒரு கரண்டி குளிர்ந்த பால் விட்டு மீண்டும் ஓட்டினால், சில நொடிகளில் ஓசை அடங்கி, கலவை ஜாரின் நடுவே வழவழப்பாகச் சுழலத் தொடங்கும். அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஓட்டினால் மோட்டாரின் சூடே உருக்கிவிடும். முழுக் கல்லாக உறைந்த கட்டியை நேரே போட்டால் கத்தி மழுங்கும், ஜாரின் இணைப்பும் தேயும்.

உறைபெட்டியே இல்லாதவர்களுக்கு, உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த பழைய முறை இன்றும் உதவும். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்தால் அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை தாழக்கூடும். ஒரு வாளியில் அதை நிரப்பி, நடுவில் மூடிய எவர்சில்வர் தூக்கை வைத்துச் சுழற்றி, அவ்வப்போது திறந்து ஓரத்தில் உறைந்ததை வழித்துக் கலந்தால் அரை மணி நேரத்தில் பதம் வரும். கலவை விரைவாக உறைவதால் படிகங்களும் சிறியதாக அமையும். இதற்கு வாங்குவது மீன் பதப்படுத்தும் ஐஸ் பாராக இருந்தால், அது உண்பதற்கானது அல்ல என்பதால், உருகும் நீர் ஒரு சொட்டும் தூக்குக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

உறையவைப்பது நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. ஆகவே பாலைக் கொதிக்கவைக்காமலோ, புரதத்துக்காகப் பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்த்தோ செய்யும் குறுக்குவழிகளைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் அறவே விலக்க வேண்டும். மின்தடையில் உருகியதை அப்படியே மறுபடி உறையவைப்பதும் அதே காரணத்தால் தவறு. பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் தென்னிந்தியாவில் ஏராளம். பெரியவர்களான பின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதே அதன் காரணம். அத்தகையோர் பால் பவுடரைத் தவிர்த்து, கெட்டித்தயிரின் அளவைக் கூட்டி, மிச்சத்தைச் சோயா பாலால் நிரப்பலாம். புரதம் குறையாது, சோயாவின் பச்சை வாசனைக்குச் சிக்கரி கலந்த டிகாக்‌ஷன் இரண்டு கரண்டி போதுமான மறைப்பு.

செய்த ஐஸ்கிரீமை ஆழம் குறைந்த டப்பாவில் பரப்பி, மேற்பரப்பில் ஒட்டுமாறு பட்டர் பேப்பரை அழுத்தி மூடி, உறைபெட்டியின் கதவோரத்தில் வைக்காமல் உட்புறத்தில் வைத்தால் ஒரு வாரம் வரை பதம் கெடாது. கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தது என்பதால் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அதை வெளியில் எடுத்து வைக்க வேண்டும். அப்படியும் இறுகியிருந்தால் மிக்ஸியில் இன்னொரு சுற்று அடிக்கலாம். தயிரிலிருந்து வடிந்த நீரில் பால்சர்க்கரையும் சிறிதளவு வே புரதமும் இருப்பதால் அதைக் கொட்டிவிடாமல், சப்பாத்தி மாவு பிசையவோ, புளிக்குப் பதிலாக ரசத்தில் சேர்க்கவோ, உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு அன்றே குடிக்கவோ செய்யலாம்.